கையெழுத்து மட்டும் கேட்காதே

(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)
லூதியானா,
6-1-2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி முருகேஷ் எழுதுகிறேன். இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது. ஆனாலும் நானும் சத்யப்பிரியாவும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தீபாவளிக்குப் பிறகு மூன்று தடவை போனில் பேசினோம். மூன்றும் சண்டையில் முடிந்தது. எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று வக்கீல் சொன்னதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. தோட்டம் மூன்று ஏக்கரும் நம் இருவர் பேரிலும் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தை வாங்கி ஹாஸ்டல் கட்டிய பனியன் கம்பெனிக்காரர்கள், குடோன் கட்ட நம்முடையதையும் கேட்கிறார்கள். சித்திரைக்குள் கிரயம் முடிய வேண்டுமாம். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

பதினாறு வருடம் பனியன் கம்பெனிச் செக்கிங்கில் நின்றே காலைக் கெடுத்துக்கொண்டீர்கள். இனியாவது ஊத்துக்குளியில் ஒரு வீடு பார்த்து உட்கார்ந்து சாப்பிடலாம். நாற்பத்தேழு வயதில் ஆட்டுக்குப் பின்னால் ஓடுவதெல்லாம் ஒரு வேலையா அக்கா? யோசித்துப் பதில் போடுங்கள்.

மருந்தை நிறுத்த வேண்டாம்.

தங்கள் தம்பி,
முருகேஷ்


கூனம்பாறைத் தோட்டம்,
ஊத்துக்குளி வழி,
17-1-2025

முருகேஷுக்கு அக்கா மருதம்மாள் எழுதுவது.

வலி இருக்கிறது. அதுபாட்டுக்கு இருக்கிறது, நான்பாட்டுக்கு நடக்கிறேன். பாப்பாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். உனக்கே அந்த ஊர்க் குளிர் ஆகாது.

கையெழுத்துப் போடமாட்டேன். நீ தேடிப் படிக்க வேண்டாம் என்று இதை முதலிலேயே எழுதிவிட்டேன். உன் வக்கீல் சொன்னது நல்ல யோசனைதான். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

நீ கடைசியாக வந்தபோது பட்டியில் பன்னிரண்டு வெள்ளாடு இருந்தது. இப்போது முப்பத்தொன்று. ஆறு வருடமாக நான் செய்கிற வேலை மேய்ப்பது மட்டும் இல்லை, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று பார்ப்பதும்தான். இரண்டு குட்டி போட்டு இரண்டுக்கும் பால் காட்டுகிற ஆட்டின் குட்டியை மட்டும் நிறுத்திக்கொள்வேன். சித்திரை வெயிலில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லைத் தின்று நிற்கத் தெரியாத ஆடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தைக்குப் போய்விடும்.

இப்போது துரை என்று ஒரு கிடாய் வைத்திருக்கிறேன். என்னோடு செக்கிங்கில் இருந்த உசிலம்பட்டிக்காரி ஒச்சாயியை உனக்குத் தெரியும். வீரபாண்டியில் லைன் வீட்டுக்குப் பின்னால் அவளும் ஆடு வளர்க்கிறாள். ஒரே ரத்தத்தில் சேர்க்கக் கூடாது என்று நாங்கள் கிடாய்க் குட்டியை மாற்றிக்கொள்கிறோம். அப்படி வந்தவன் துரை. அடுத்த மாதம் சேர்த்தால் ஆடியில் குட்டி விழும். அந்தக் குட்டிகளைப் பார்த்தால்தான் ஆறு வருட வேலை சரியா தப்பா என்று தெரியும்.

பதினாறு வருடம் அடுத்தவர் தைத்ததில் குறை தேடிக் கொடுத்தேன். இப்போது நானே ஒன்றைச் செய்கிறேன். குறை இருந்தால் அது என் குறை. இது வேலையா என்று கேட்டாயே, இதுதான் பதில்.

பாப்பாவுக்கு அத்தையின் முத்தம்.

மருதம்மாள்


(பதிவுத் தபால்)
லூதியானா,
3-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். சத்யப்பிரியா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எனக்கு வேலை நெருக்கடி. லைனில் ஆள் குறைவு, உட்கார நேரமில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இருபதாம் தேதிக்கு மேல் கம்பெனியிலிருந்து தோட்டத்தை அளக்க ஆள் வருவார்கள். அளந்தாலே விற்றதாக ஆகாது. அவர்களிடம் வம்புக்குப் போக வேண்டாம். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது. அடுத்த முறை அனுப்புகிறேன்.

முருகேஷ்


கூனம்பாறைத் தோட்டம்,
26-2-2025

முருகேஷுக்கு,

சுகம்.

உன் ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். நான் வம்புக்குப் போகவில்லை. அளவுச் சங்கிலி இழுக்கத் தடையாக இருக்கிறதென்று தென்மேற்கு மூலையில் நான்கு கிளுவை மரத்தை வெட்டினார்கள். வேலியை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது முள் வைத்து அடைத்துவிட்டேன்.

பட்டியில் இப்போது இடம் தாராளமாக இருக்கிறது.

தைலம் வேண்டாம்.

மருதம்மாள்


லூதியானா,
24-3-2025

அக்கா,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கை கூசுகிறது.

நேற்றுதான் பக்கத்துக் காட்டு சென்னிமலை போனில் சொன்னான். "ஏனுங்க முருகேசு, உங்கக்கா ஒண்ணுமே சொல்லலீங்களா? அளந்துட்டுப் போன அன்னிக்கே நாய் பூந்துருச்சுங்க. ஒம்பது ஆடு போச்சுங்க" என்றான். எனக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிகிறது.

ஏன் அக்கா எழுதவில்லை? திட்டியாவது எழுதியிருக்கலாமே. அவர்கள் வேலியை வெட்டுவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. செத்த ஆடுகளுக்கு உள்ளதை நான் அனுப்பிவிடுகிறேன். எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

முருகேஷ்


கூனம்பாறைத் தோட்டம்,
4-4-2025

முருகேஷுக்கு,

சாப்பிடுகிறேன். நான் படுத்தால் மிச்சம் இருப்பவற்றுக்கு யார் தண்ணீர் காட்டுவது?

நீ கேட்டதால் எழுதுகிறேன். அன்று பகல் பதினொரு மணிக்குத் தவிடு வாங்க ஊத்துக்குளி போனேன். அளந்தவர்கள் வேலையை முடித்துவிட்டார்கள், போகும்போது அடைத்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். திரும்பும்போது மணி இரண்டு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தோட்டத்தில் சத்தமே இல்லை. முப்பத்தொரு ஆடு இருக்கிற இடத்தில் சத்தம் இல்லையென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தவிட்டு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

துரை பட்டி வாசலிலேயே கிடந்தான். வாசலை விட்டு அவன் நகரவில்லை. அதனால்தான் உள்ளே இருந்த இருபத்திரண்டும் பிழைத்தன. வெளியே மேய்ந்த எட்டும் போய்விட்டன. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "குழி தோண்ட ஆள் சொல்லட்டுங்களா அம்மிணி" என்றார். வேண்டாங்க என்றேன். நானும் சென்னிமலையும் தோண்டினோம்.

நாய்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஹாஸ்டல் கேன்டீனில் மிஞ்சுகிற கோழிக் குடலையும் எலும்பையும் இரண்டு வருடமாக நம் வேலியோரப் பள்ளத்தில் கொட்டுகிறார்கள். அதைத் தின்று பழகியவை, கொட்டாத நாளில் என்ன செய்யும்? மூன்று இடத்தில் மனுக் கொடுத்தோம். மூன்று இடத்திலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். அந்த மூலையில் நாற்பது கிளுவைப் போத்து வெட்டி வந்து வேலியாக நட வேண்டும். ஆள் வந்து செய்கிற வேலை அது.

பிழைத்ததில் பதினொன்று சினை, எல்லாம் துரையின் சினை. அதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

பாப்பா படிக்கிறாளா?

மருதம்மாள்


கூனம்பாறைத் தோட்டம்,
12-5-2025

முருகேஷுக்கு,

சீக்கிரம் சேரட்டும் என்று இந்த முறை உன் கம்பெனி முகவரிக்குப் போட்ட ஏப்ரல் கடிதம் 'இப்படி ஒருவர் இங்கு இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. போனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். பவானிக்குப் பஸ் ஏறி, சத்யப்பிரியாவின் அம்மா வீட்டுக்குப் போனேன். உன் மனைவியும் மகளும் அங்கேதான் இருந்தார்கள். "லீவுக்கு வந்திருக்கோமுங்க அண்ணி" என்றாள் சத்யப்பிரியா. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பாப்பா என் மடியில் உட்கார்ந்து, "நான் இங்கத்தான் ஸ்கூல் போறேன் அத்தை. அப்பா கம்பெனியில வேண்டாம்னுட்டாங்க" என்றாள்.

உன் புது முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். திரும்பி வந்த கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மருதம்மாள்


லூதியானா,
29-5-2025

அக்கா,

இனி நலம் என்று எழுதிப் பயனில்லை.

நவம்பரில் ஆர்டர் குறைந்துவிட்டதென்று பாதிப் பேரை அனுப்பினார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர்கள் மூன்று பேரில் நான்தான் முதல். உங்களுக்கு முதல் கடிதம் எழுதியபோதே எனக்கு வேலை இல்லை. லைனில் நெருக்கடி என்று எழுதியதை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ஜனவரிக் கடைசியில் இவர்களைப் பவானிக்கு அனுப்பிவிட்டேன். இப்போது நம் பக்கத்துப் பையன்கள் நான்கு பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். நூல் குடோனில் மூட்டை எண்ணுகிறேன், சில நாள் தூக்கவும் செய்கிறேன்.

என் பங்கு கிடைத்தால் திருப்பூரில் பத்துத் தையல் மிஷின் போட்டுச் சின்னதாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை போனதைச் சொல்ல வேண்டி வரும். அதனால் வக்கீல் பேச்சைக் கேட்டு உங்களுக்கு உத்தரவு போட்டேன். என் அவசரத்துக்கு உங்கள் ஆடுகள் போய்விட்டன.

பதில் போடாவிட்டாலும் வருத்தமில்லை.

முருகேஷ்


கூனம்பாறைத் தோட்டம்,
11-6-2025

முருகேஷுக்கு,

வேலை போனது உன் குற்றம் இல்லை. மறைத்தது குற்றம். வேலி அதற்கும் மேல்.

வருவதானால் வா. உனக்கு இங்கே பாய் உண்டு, சோறு உண்டு, வேலையும் உண்டு. கையெழுத்து மட்டும் கேட்காதே.

மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காதே. முழங்காலை மடக்கித் தூக்கு.

மருதம்மாள்


பெண்கள் சிறை,
கோயம்புத்தூர்,
14-7-2025

முருகேஷுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. இங்கே முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கிறது.

போன மாதம் முழுக்க உன் கடிதத்தை எதிர்பார்த்தேன், வரவில்லை. இன்று சென்னிமலை மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தான். அவன் போன் செய்ததும் நீ ரயில் ஏறிவிட்டாய் என்றான். நான் கூப்பிடச் சொல்லவில்லை. ஆனாலும் வந்துவிட்டாய், அதனால் தோட்டத்து முகவரிக்கே எழுதுகிறேன்.

நடந்ததை என் வாயாலேயே தெரிந்துகொள். பத்தாம் தேதி நம் ஊர் முத்தாயியின் பட்டியில் நாய்கள் பூந்து ஏழு ஆட்டைக் கடித்துவிட்டன. மறுநாள் காலையில் நாங்கள் பதின்மூன்று பேர் சேர்ந்தோம். ஒச்சாயி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். பள்ளத்தில் கிடந்த கழிவை மண்வெட்டியால் வாரி ஒரு டிராக்டர் நிறைய ஏற்றினோம். கம்பெனி ஆபீஸ் வாசலில், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கொட்டினோம். "யக்கா, அவுகளது அவுகளுக்கு. நாம ஒண்ணும் களவாண்டுட்டு வரலையே" என்றாள் ஒச்சாயி. டிராக்டரைத் திருப்பும்போது டிரெய்லர் இடித்துக் கதவு உடைந்துவிட்டது. வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் அத்துமீறி நுழைந்தோம், சேதம் செய்தோம் என்று கம்பெனிக்காரர்கள் புகார் எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில், மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் கம்பெனி புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. பாதிப் பேர் வீட்டில் அந்தக் கம்பெனிச் சம்பளம்தான் சோறு. ஒச்சாயி அழுதுகொண்டே எழுதினாள். எனக்கு எழுத முடியவில்லை. தப்புச் செய்தேன் என்று எழுதினால், ஒன்பது ஆட்டைக் குழியில் போட்ட நான் யார்?

இனி ஆட்டு விஷயம். இந்த வாரம் குட்டி விழ ஆரம்பிக்கும். மற்றவை கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். காதில் வெள்ளை உள்ள ஊமைச்சி மட்டும் சத்தம் போடமாட்டாள். அவள் ஒதுங்கி நின்று தரையைக் கிளறினால் பக்கத்திலேயே இரு. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லையென்றால், நகத்தை வெட்டிச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டு மெல்ல விட்டுப் பார். ஒரு முன்னங்கால் மட்டும் தட்டுப்பட்டால் மற்றது பின்னால் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். இழுக்காதே. குட்டியை உள்ளே தள்ளி, அந்தக் காலை முன்னால் எடுத்துவிட்டுப் பிறகு இழு. பயமாக இருந்தால் சென்னிமலையைக் கூப்பிடு.

நீ சாப்பிட அரிசி, பருப்பு எல்லாம் அடுக்களையில் இருக்கிறது.

மருதம்மாள்


கூனம்பாறைத் தோட்டம்,
18-7-2025

அக்காவுக்கு,

இங்கே நானும் ஆடுகளும் நலம். உங்களுக்கு அங்கே கொசு அதிகமாமே, போர்வை போதுமா?

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஊமைச்சி அதற்கு முந்தின நாள் மதியமே ஈன்றுவிட்டாள்.

நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் வேப்பமரத்தடியில் அவள் படுத்திருக்கிறாள், பின்னால் ஒரு குளம்பு மட்டும் தெரிகிறது. எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாளோ. சத்தமே இல்லை. சென்னிமலை காங்கேயம் போயிருந்தான். டாக்டருக்குப் போன் செய்தேன். "நான் வர ஒரு மணி நேரம் ஆகுமுங்க, அதுவரைக்கும் தாங்காது. நான் சொல்லச் சொல்ல நீங்களே பண்ணுங்க" என்றார். போனைத் தரையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். கையை உள்ளே விட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஆனாலும் கத்தவில்லை. மடங்கின கால் விரலில் பட்டதும் நான்தான் கத்தினேன். குட்டியைத் தள்ளி, காலை எடுத்துவிட்டு, அவள் முக்கும்போது இழுத்தேன். கறுப்புக் கிடாய்க் குட்டி. மூச்சு இல்லை. டாக்டர் சொன்னபடி மூக்கைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினேன். தும்மியது. பின்னாலேயே ஒரு பெட்டை, தானாக வந்து விழுந்தது. இரண்டுக்கும் சீம்பால் காட்டினாள். நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலையா என்று உங்களிடம் கேட்டவன் நான்.

இதுவரை நான்கு ஆடு ஈன்றிருக்கிறது. ஏழு குட்டி, ஏழும் எழுந்து குடிக்கின்றன.

இன்னொன்று. நேற்று மாலை கம்பெனி மேனேஜர் வாசலுக்கு வந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கக்காளை நாளைக்கே வெளிய கொண்டாந்தரலாமுங்க. கேஸை நாங்களே வாபஸ் வாங்கிக்கறோம். நீங்க ரெண்டு பேரும் கிரயத்துக்குச் செரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அவங்க வெளிய வர்றதுக்கு நான் வெல பேசறதில்லீங்க" என்றேன்.

"நீங்கதானுங்களே மொதல்ல விக்கறேன்னு வந்தது?"

"ஆமாங்க. நாந்தான். இப்ப இல்லீங்க."

அவர் போன பிறகு ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன். வேலை இல்லாதவன், பிள்ளை பவானியில், என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

பள்ளத்தில் இந்த வாரம் கழிவு விழவில்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் அவர்களே குழி வெட்டுகிறார்கள். ஒச்சாயி செவ்வாய்க்கிழமை ஒரு கிடாய்க் குட்டியைப் பையில் போட்டு டவுன் பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டாள். கண்டக்டர் இறங்கச் சொன்னாராம். "இதுக்கும் ஒரு டிக்கெட்டைக் கிழிங்கண்ணே, யாரு வேணாண்டா" என்றாளாம். தாய் வழியும் தகப்பன் வழியும் வேறு ரத்தம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

அக்கா, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்களேன் என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

முருகேஷ்


பெண்கள் சிறை,
கோயம்புத்தூர்,
23-7-2025

முருகேஷுக்கு,

போர்வை போதும். கொசுவும் பழகிவிட்டது. பக்கத்தில் படுக்கிற சீனியம்மாளுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். குட்டி தும்மிய இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

மேனேஜருக்கு நீ சொன்ன பதில் சரி. ஆறு மாதம் தாமதம், ஆனாலும் சரி. தோட்டத்தில் உன் பங்கு உன்னுடையது, அதில் நான் கை வைக்கமாட்டேன். பத்து மிஷினைப் பற்றி நான் வந்ததும் பேசுவோம். தோட்டத்தில் இருக்கிற பழைய தறிக்கொட்டகை சும்மாதானே கிடக்கிறது.

குட்டிகளை முதல் வாரம் ஈரத்தில் விடாதே. ஊமைச்சியின் கிடாயைக் கொடுத்துவிடாதே. அடுத்த வருடம் அது ஒச்சாயி வீட்டுக்குப் போக வேண்டும். சத்யப்பிரியாவுக்கு எழுது. நான் சொன்னதாக இல்லை, நீயாக எழுது.

இருபத்தைந்தாம் தேதி கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். ஜாமீன் கொடுத்தால் வருவேன். வருத்தம் தெரிவித்தால்தான் ஜாமீன் என்றால் இன்னும் பதினைந்து நாள் ஆகும். நீ பயப்படாதே, பட்டியை மட்டும் பார்.

நேற்று கம்பெனித் தரப்பு வக்கீல் அம்மா ஒருத்தர் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இரண்டு வெள்ளைத்தாளும் ஒரு பேனாவும் எடுத்து வைத்து, "நாலே வரிங்க்கா. வருத்தப்படறேன்னு எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போங்க" என்றார். நன்றாக யோசித்து எழுத வேண்டும், தாள் என்னிடமே இருக்கட்டுங்க என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். வார்டரம்மாவும் சரி என்றார்.

அதில் ஒரு தாளில்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். மற்றொன்று தலையணைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மீதி ஏழு ஆடும் ஈன்றதும் எத்தனை குட்டி என்று நீ எழுதுவாய் அல்லவா, அதற்குப் பதில் போட எனக்குத் தாள் வேண்டும்.

அக்கா,
மருதம்மாள்